ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவு: அதில் என்ன கேட்கலாம், எங்கே சறுக்கும்

நீங்கள் கேட்டது இது: ஒரே குடும்பங்களைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்த்த ஒரு கணக்கெடுப்பின் தரவு கைக்கு வந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரும் கணக்கெடுப்பில் கிடைக்காத எது இதில் கிடைக்கும், வேலையை எங்கே தொடங்குவது, இரண்டு சுற்று போதுமா? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒருமுறைக் கணக்கெடுப்பில் வறுமையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஐந்து ஆண்டு கழித்து வேறு ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டால் அந்த எண் ஏறியதா இறங்கியதா என்றும் தெரியும். ஆனால் அன்று இருந்தவர்களும் இன்று இருப்பவர்களும் ஒரே ஆட்களா, அவர்கள் எத்தனை காலமாக அங்கேயே கிடக்கிறார்கள் என்பது தெரியாது. இதற்குத்தான் தொடர் கணக்கெடுப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் வாயில் இது ‘பேனல் டேட்டா’.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் 10 பேர் புதிதாக வறுமையில் விழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 9 பேர் ஓராண்டில் எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் 20 ஆண்டு அதிலேயே கிடக்கிறார். இது நெடுங்காலம் இப்படியே ஓடிய பிறகு ஏதோ ஓர் ஆண்டில் போய் எண்ணினால் வறுமையில் 29 பேர் இருப்பார்கள்: அந்த ஆண்டு விழுந்து அந்த ஆண்டே எழப்போகும் 9 பேர், ஆண்டுக்கு ஒருவராகச் சேர்ந்த நீண்டகாலக்காரர்கள் 20 பேர். ‘வறுமையில் விழுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘இன்று வறுமையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீண்டகாலம் அதிலேயே கிடப்பவர்கள்’ என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் உண்மை. இந்த இரண்டு பேரும் மேடையில் சண்டை போட்டால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே கேட்பவர்கள் நினைப்பார்கள்.

மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் இருவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை இதே முடிச்சைத்தான் அவிழ்த்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் நடத்திவரும் அமெரிக்கக் குடும்பக் கணக்கெடுப்பை (பி.எஸ்.ஐ.டி. என்பார்கள்) எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வறுமைக் காலத்தையும் அது தொடங்கிய ஆண்டிலிருந்து முடிந்த ஆண்டு வரை அளந்தார்கள். விழுபவர்களில் பெரும்பாலோருக்குக் காலம் குறுகியது. ஆனால் எந்த நேரத்திலும் வறுமையில் இருப்பவர்களை எடுத்தால் பெரும்பாலோர் ஒரு நீண்ட காலத்தின் நடுவில் இருக்கிறார்கள். உதவித்தொகைக் கொள்கை வகுப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் வேண்டும். எத்தனை பேருக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது முதல் எண்ணில் இருக்கிறது, பணம் யாரிடம் போய்ச் சேரும் என்பது இரண்டாவதில்.

பி.எஸ்.ஐ.டி. சுமார் 4,800 குடும்பங்களோடு ஆரம்பித்தது. ஜெர்மனியில் எஸ்.ஓ.இ.பி. என்ற இதே மாதிரிக் கணக்கெடுப்பு 1984இல் தொடங்கியது. பிரிட்டனில் 1991இல் சுமார் 5,500 குடும்பங்களோடு தொடங்கிய கணக்கெடுப்பு பின்னால் 2009இல் ஆரம்பித்த மிகப் பெரிய கணக்கெடுப்போடு சேர்ந்துவிட்டது. இந்தோனேசியாவில் 1993இலும், ஆஸ்திரேலியாவில் 2001இலும் தொடங்கினார்கள். இந்தியாவில் இக்ரிசாட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் தொடங்கிய கிராம ஆய்வுகளும், 2004-05இல் 41,554 குடும்பங்களைப் பார்த்துவிட்டு 2011-12இல் மறுபடி போன இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பும் உண்டு. உங்கள் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

இப்போது சறுக்கும் இடங்களுக்கு வருவோம். முதல் சறுக்கல் ‘குடும்பம்’ என்பதிலேயே இருக்கிறது. ஒரு நாளில் பார்த்தால் குடும்பம் யார் யார் என்று சொல்வது எளிது: ஒரே கூரை, ஒரே அடுப்பு. பத்தாண்டில் பார்த்தால்? மூத்த மகன் தனிக்குடித்தனம் போயிருப்பான், மகள் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போயிருப்பாள், தாத்தா இறந்திருப்பார், விதவையான அத்தை வந்து சேர்ந்திருப்பாள். இதில் ‘அதே குடும்பம்’ எது? பழைய வீட்டில் இருப்பதா, பழைய குடும்பத் தலைவர் இருக்கும் இடமா? இதற்கு யாராலும் சரியான விடை சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல தொடர் கணக்கெடுப்புகள் குடும்பத்தை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடர்கின்றன. முதல் சுற்றில் இருந்த ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுக்க மாறாத ஓர் எண். அவர் எங்கே போய் யாரோடு வாழ்ந்தாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். குடும்பம் என்பது அந்த ஆளுக்கு அந்த ஆண்டில் அமைந்த சூழ்நிலை, அவ்வளவுதான். உங்கள் ஃபைலையும் குடும்பத்துக்கு ஒரு வரி என்று வைக்காமல், ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு வரி என்று மாற்றி அடுக்குங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

யாரை எதுவரை பின்தொடர்ந்தார்கள் என்ற விதி ஆய்வு முடிவையே மாற்றிவிடும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் தான்சானியாவின் ககேரா பகுதி. 1991-94இல் 900க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். 2004இல் மறுபடி போனபோது ஊரைவிட்டுப் போனவர்களையும் விடாமல் தேடினார்கள். பக்கத்து ஊர், தூரத்து நகரம், எல்லை தாண்டிய நாடு என்று எங்கே இருந்தாலும் தேடிப் போனார்கள். பழைய குடும்பங்களின் ஆட்கள் இப்போது 2,700க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரிந்திருந்தார்கள். கேத்லீன் பீகிள், யோக்கிம் டி வீர்ட், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும் இதை வைத்து, ஒரே வீட்டில் வளர்ந்து ஒருவர் வெளியேறி ஒருவர் தங்கியவர்களை ஒப்பிட்டார்கள். இடம் பெயர்ந்தது நுகர்வின் வளர்ச்சியில் 36 சதவீதப் புள்ளி கூட்டியிருந்தது. செலவை மிச்சப்படுத்த ஊரில் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் முன்னேறியவர்களில் பெரும்பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது. ஊர் மெல்லத்தான் நகர்கிறது என்று ஓர் அறிக்கை வந்திருக்கும், அதை யாரும் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

மேலே சொன்ன இந்தியக் கணக்கெடுப்பு இரண்டாம் சுற்றில் பழைய குடும்பங்களில் 83 சதவீதத்தை மறுபடி பிடித்தது. இது நல்ல விகிதம்தான். பிரிந்துபோன குடித்தனங்களையும் சேர்த்தார்கள், ஆனால் அதே ஊருக்குள் இருந்தால் மட்டும். ஆக, அதை வைத்து நிலப் பங்கீடு, கூட்டுக்குடும்பம் உடைவது பற்றியெல்லாம் தாராளமாக எழுதலாம். வெளியூர் போனவர்களின் கதியை அதில் தேடினால் கிடைக்காது. உங்கள் தரவின் கையேட்டில் பின்தொடரும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, முதலில் அதைப் படியுங்கள். கேள்வியை அதற்கப்புறம் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது சறுக்கல் பொய் மாற்றம். என் கணக்கில் புதிதாக வருபவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

100 பேரின் தொழிலை ஒரு குறியீட்டு எண்ணாகப் பதிகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 5 பேருக்குத் தவறான எண் விழுகிறது. ஒருமுறைக் கணக்கெடுப்பில் 5 சதவீதத் தவறு என்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள். விவசாயி எத்தனை பேர், கொத்தனார் எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை பெரிதாகக் கெடாது. இப்போது இரண்டு சுற்றையும் இணையுங்கள். முதல் சுற்றில் தவறு நேர்ந்த 5 பேரும் இரண்டாம் சுற்றில் தவறு நேர்ந்த 5 பேரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஆகவே கிட்டத்தட்ட 10 பேர் தொழில் மாற்றியதாக ஃபைல் சொல்லும். உண்மையில் மாற்றியவர்கள் 3 பேர்தான் என்றால், நீங்கள் ‘தொழில் மாற்றம்’ என்று ஆராயப்போகும் 13 பேரில் 10 பேர் யாரோ ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை. அளவை அப்படியே பயன்படுத்தும்போது சின்னதாக இருக்கும் பிழை, வித்தியாசத்தை எடுக்கும்போது ஊதிவிடும். தொடர் தரவில் நாம் செய்வதெல்லாம் வித்தியாசம் எடுப்பதுதான் என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை.

எனவே வருமானம், செலவு பக்கம் போகும் முன் சலிப்பான ஒரு வேலையைச் செய்யுங்கள். இரண்டு சுற்றையும் ஆள் எண்ணை வைத்து இணைத்துவிட்டு மூன்றே மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பாலினம், வயது, படிப்பு. சுற்றுகளுக்கு நடுவே ஏழு ஆண்டு என்றால் எல்லோர் வயதும் ஏழு கூடியிருக்க வேண்டும். கூடியிருக்காது. ஐந்தும் கூடியிருக்கும், பத்தும் கூடியிருக்கும். காரணம், வயதை 40, 45, 50 என்று முழு எண்ணாகச் சொல்லும் பழக்கம். அதை விட்டுவிடலாம். ஆனால் வயது 24 கூடி, ஆண் பெண்ணாகி, பத்தாவது படித்தவர் இரண்டாவதுக்கு இறங்கியிருந்தால் அங்கே வேறு ஒரு ஆள் இணைந்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணனும் தம்பியும் மாறியிருப்பார்கள், அல்லது இறந்துபோனவரின் எண் புதிதாக வந்த மருமகளுக்குப் போயிருக்கும். இப்படி எத்தனை சதவீதம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படிப்பு மட்டும் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் பதில் சொன்னவர் மாறியதால் வருவது: முதல் சுற்றில் அப்பா சொல்லியிருப்பார், அடுத்ததில் பெரியம்மா சொல்லியிருப்பார். யார் பதில் சொன்னார் என்பதற்கு ஃபைலில் ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள்.

இதே வகையைச் சேர்ந்தது ‘தையல்’ பிரச்சினை. நேர்காணலில் கடந்த ஆண்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் வேலை இருந்ததா என்று கேட்பார்கள். பதில் சொல்பவர் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த நேர்காணலில் வேறொன்றை ஒரே மாதிரி சொல்வார். கடைசியில் பார்த்தால் நாட்டிலுள்ள பாதிப் பேர் ஒரு நேர்காணல் முடிந்து அடுத்தது தொடங்கும் மாதத்தில்தான் வேலை மாறியதுபோல் தெரியும். இதைக் குறைக்கத்தான் இப்போது பல கணக்கெடுப்புகளில் ‘போன தடவை இப்படிச் சொன்னீர்கள், இன்னும் அப்படியேவா?’ என்று பழைய பதிலை நினைவூட்டிக் கேட்கிறார்கள். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டிவிடுவார். அப்போது உண்மையான மாற்றமும் மறைந்துபோகும். எந்தச் சுற்றிலிருந்து கேட்கும் முறை மாறியது என்று தெரியாமல் வரைபடம் போட்டால், அந்த ஆண்டில் ஒரு பெரிய சமூக மாற்றம் நடந்ததாக எழுதிவிடுவீர்கள்.

நீண்ட தொடரின் பெரிய பயனும் இந்தப் பிழை விஷயத்தோடு சேர்ந்தே வருகிறது. அப்பாவின் வருமானம் மகனின் வருமானத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவில் நெடுநாள் ஆராய்ந்தார்கள். பழைய மதிப்பீடுகள் 0.2 அல்லது அதற்கும் கீழே இருந்தன. அதாவது, அப்பாவுக்கு இருந்த முன்னிலையில் ஐந்தில் ஒரு பங்குதான் மகனுக்குப் போகிறது. யாரும் மேலே வரலாம் என்று பெருமைப்பட வசதியான எண். கேரி சோலன் 1992இல் பி.எஸ்.ஐ.டி.யை வைத்து, அப்பாவின் ஒரே ஓர் ஆண்டு வருமானத்துக்குப் பதிலாகப் பல ஆண்டுச் சராசரியை எடுத்தார். ஒரு ஆண்டில் ஒருவருக்கு வேலை போயிருக்கலாம், கூடுதல் வேலை கிடைத்திருக்கலாம். அந்த ஏற்ற இறக்கம் அவருடைய உண்மையான நிலையை மறைத்து, அப்பா-மகன் தொடர்பைத் தளர்வாகக் காட்டுகிறது. சராசரி எடுத்ததும் எண் 0.4 அல்லது அதற்கும் மேல் என்று வந்தது. கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரு சமூகம் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம், ஒரே அளவைப் பல ஆண்டு எடுத்ததால் மட்டுமே மாறியது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதைவிட அழகான வேலை குறைவு. பெரிய சூத்திரம் எதுவும் இல்லை, பொறுமையாகச் சேர்த்த வருமான வரிசை மட்டும்.

அடுத்தது, ஒரு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் பார்ப்பது. திருமணமானவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாக ஒருமுறைக் கணக்கெடுப்புகள் சொல்லும். ஜெர்மன் தொடர் தரவில் ரிச்சர்ட் லூக்காஸும் கூட்டாளிகளும் அதே ஆட்களைத் திருமணத்துக்குச் சில ஆண்டு முன்பிருந்தே பார்த்தார்கள். சராசரியாக, திருமணத்தை ஒட்டி மனநிறைவு கொஞ்சம் ஏறுகிறது, சில ஆண்டில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. திருமணம் ஆனவர்கள் அதற்கு முன்பே மற்றவர்களைவிடத் திருப்தியாக இருந்தவர்கள். வேலையிழப்பில் கதை வேறு: மறுபடி வேலை கிடைத்த பிறகும் மனநிறைவு பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இதே ஜெர்மன் கணக்கெடுப்பு 1990 ஜூனில், கிழக்கு ஜெர்மனியில் நாணயம் மாறுவதற்கு முந்தைய மாதத்தில், அங்கேயும் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பொருளாதாரம் தலைகீழாவதற்கு முந்தைய நிலை இதனால் பதிவாகியிருக்கிறது. இரண்டு மாதம் தாமதித்திருந்தால் அந்த ‘முன்’ என்பது திரும்பக் கிடைத்திருக்காது.

விவாகரத்து பற்றிய ஒரு பழைய சர்ச்சையும் இங்கே சொல்லத் தகும். விவாகரத்துக்குப் பின் பெண்களின் வாழ்க்கைத்தரம் 73 சதவீதம் விழுகிறது என்று 1985இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த எண் பத்திரிகை, நீதிமன்றம் எல்லாம் சுற்றியது. தொடர் தரவில் அதே பெண்களின் முந்தைய, பிந்தைய ஆண்டு வருமானத்தைப் பார்த்த கிரெக் டங்கன், சால் ஹாஃப்மன் இருவருக்கும் கிடைத்தது சுமார் 30 சதவீத வீழ்ச்சிதான். 1996இல் அந்த முதல் ஆய்வின் மூலத் தரவையே இன்னொருவர் எடுத்து மறுபடி கணக்கிட்டபோது 27 சதவீதம் வந்தது. 30 சதவீதமும் கொடுமையான வீழ்ச்சிதான். ஆனால் ஜீவனாம்சச் சட்டம் எழுதுபவருக்கு 30க்கும் 73க்கும் உள்ள தூரம் பெரிது.

அடுத்த சுற்றில் கிடைக்காமல் நழுவிப் போனவர்களைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயப்படலாம், ஆனால் கணக்கோடு. பி.எஸ்.ஐ.டி. 1989 வாக்கில் முதலில் எடுத்த ஆட்களில் சுமார் பாதிப் பேரை இழந்திருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட், காட்ஷாக், மாஃபிட் மூவரும் 1998இல் இதை ஆராய்ந்தார்கள். போனவர்கள் குறைந்த வருமானமும், நிலையற்ற வேலையும் திருமணமும் உள்ளவர்களாக இருந்தார்கள். இருந்தும் மீதியிருந்தவர்களை வைத்துக் கண்ட தொடர்புகள் பெரிதாகக் கோணவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: முதல் சுற்றில் எல்லோருக்கும் தரவு இருக்கிறது, இரண்டாம் சுற்றில் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று பிரித்து முதல் சுற்றின் வருமானம், நிலம், படிப்பு, குடும்ப அளவு ஆகியவற்றை ஒரு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வித்தியாசம் எங்கே பெரிதோ அங்கே உங்கள் முடிவு ஆட்டம் காணும். கணக்கெடுப்பு நிறுவனம் தரும் எடைகளில் (ஒருவர் பதில் மொத்த மக்களில் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்ற எண்) எதை எடுப்பது என்ற கேள்வியும் வரும். இரண்டு சுற்றையும் சேர்த்துச் செய்யும் வேலைக்கு முதல் சுற்றின் எடையை அப்படியே போட்டுவிட்டால், நழுவியவர்களுக்கான திருத்தம் அதில் இருக்காது.

‘நிலை விளைவு’ மாடல் (ஒருவரை அவருடைய வேறு ஆண்டுகளோடு மட்டும் ஒப்பிடும் கணக்கு) போட்டால் ஒவ்வோர் ஆளிடமும் காலப்போக்கில் மாறாத எல்லாமே கழிந்துவிடும், சுத்தமான முடிவு வரும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சரிதான், ஆனால் அந்த மாடலில் பேசுவது மாறியவர்கள் மட்டும். வேலை மாறாதவர், ஊர் மாறாதவர் யாரும் அதில் ஓட்டுப் போடுவதில்லை. மாறியவர்களில் பாதிப் பேர் மேலே சொன்ன பொய் மாற்றம் என்றால் என்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அட்டவணையைக் கண்ணால் பார்க்காமல் மாடலுக்குத் தாவும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவது வழக்கம்.

கடைசிக் கேள்வி: இரண்டு சுற்று போதுமா? சில விஷயங்களுக்குப் போதும். யார் பிரிந்தார்கள், யார் நிலத்தை விற்றார்கள், பள்ளியில் இருந்த பெண் இப்போது என்ன செய்கிறாள், முதல் சுற்றில் கடனில் இருந்த குடும்பத்துக் குழந்தைகள் எவ்வளவு படித்தார்கள் என்பதற்கெல்லாம் இரண்டு படம் போதும். வறுமை எவ்வளவு காலம் நீடித்தது என்று அதில் கேட்காதீர்கள். இரண்டு முறையும் வறுமையில் இருந்தவர் நடுவில் எழுந்து விழுந்தாரா என்பது தெரியாது. இக்ரிசாட் ஆட்கள் கிராமத்திலேயே தங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போனதால்தான், ஒரு குடும்பத்தின் வருமானம் சரிந்த ஆண்டில் அதன் நுகர்வு ஊரின் சராசரியோடு ஒட்டியே நகர்கிறது என்று ராபர்ட் டவுன்செண்டால் 1994இல் காட்ட முடிந்தது. ஏழாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இரண்டே சுற்று உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் சுற்றின் வருமானப்படி குடும்பங்களை ஐந்து அடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கு வேகமாக வளர்ந்தது என்று பார்த்தால், எந்த நாட்டுத் தரவிலும் கீழடுக்கே அதிகம் வளர்ந்ததுபோல் காட்ட வாய்ப்பு மிக அதிகம். அன்று கீழே இருந்தவர்களில் ஒரு பகுதி அந்த ஆண்டு மட்டும் மழை பொய்த்தவர்கள், அல்லது வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர்கள். அடுத்த தடவை அவர்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவது வளர்ச்சியாகத் தெரிகிறது. அதனால் அடுக்கை வருமானத்தால் பிரிக்காமல் முதல் சுற்றின் நிலம், வீட்டின் தரம், மூத்தவர்களின் படிப்பு இவற்றால் பிரித்து மறுபடி பாருங்கள். இரண்டு விதமாகவும் ஒரே விடை வந்தால் எழுதலாம். விடை மாறினால் வருமானத்தை விட்டுவிட்டு, சொத்துப் பட்டியலை வைத்தே கட்டுரையை அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில், வருமானத்தைவிடப் பொதுவாகப் பிழை குறைவு.